ஐப்பசியில் பறந்த பச்சை விமானம்

அத்தியாயம் 7

வேலை இல்லாதவர்களில் இரண்டு வகை உண்டு. வேலை கிடைக்காதவர்கள் ஒரு வகை. கொடைக்கானலில் பங்களா வாங்கிப் போட்டவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் பதினான்கு பேர் கூடி ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள் என்றும், அந்தச் சங்கத்தில் ஒரு விமானம் காணாமல் போய்விட்டது என்றும் லீலாக்கா சொன்னபோது நான் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

“விமானமாக்கா?”

“ஒரு முழம் நீளம். பிளாஸ்டிக்.”

“அப்ப பொம்மைன்னு சொல்லுங்க.”

“அங்க வந்து பொம்மைன்னு சொல்லித் தொலைச்சுறாத. மாடல்னு சொல்லணும். இல்லாட்டி கேட்டுக்கு வெளியவே நிறுத்திருவாங்க.”

லீலாக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழனி அடிவாரத்தில், கோயிலுக்கு வருகிற கூட்டம் தொலைத்துவிட்டுப் போவதைக் கண்டுபிடித்துக் கொடுத்தே பெயர் வாங்கியவர். வயது ஐம்பத்திரண்டு. தைப்பூசக் கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைக் கண்டுபிடித்தவருக்கு, கல்யாணத்துக்கு முதல் நாள் காணாமல் போன மாப்பிள்ளை எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நான் செல்வமுருகன். பக்தர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் மேனேஜராக இருந்தேன். வாயால் அந்த வேலை போனது. அதே வாய்க்காகத்தான் லீலாக்கா என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று நான் நம்புகிறேன். அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

ஆயக்குடி கொய்யாத்தோப்புக் கேஸை முதல் நாள்தான் முடித்திருந்தோம். ஒரு நாள் படுத்துத் தூங்கலாம் என்று நினைத்தவனை வெள்ளனே எழுப்பி மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நாங்கள் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. உச்சி வெயில் அடிக்க வேண்டிய நேரத்தில் எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது.

அன்னக்கொடி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். பூம்பாறைக்காரி, நாற்பது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இறுக்கிச் சுற்றியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், பழனியில் முடியிறக்கிய இடத்தில் அவள் தொலைத்த மூக்குத்தியை லீலாக்காதான் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தப் பழக்கத்தில்தான் போன் போட்டிருந்தாள்.

“உள்ள விட மாட்டேங்கிறாங்கக்கா” என்றாள். இடுப்பில் செருகியிருந்த வளையத்தை எடுத்துக் காட்டினாள். அதில் மூன்று சாவிகள் இருந்தன. “நேத்து வரைக்கும் இதுல ஆறு சாவி கெடந்துச்சு. ஆறு பங்களா. மொதலாளிங்க இருந்தாலும் இல்லாட்டியும் நாந்தான் தொறப்பேன், கூட்டுவேன், பூட்டுவேன். நேத்து சாயங்காலம் இந்தப் பங்களாக்காரரு தன்னோடத வாங்கிட்டாரு. சேதி தெரிஞ்சு காலையில ரெண்டு வீட்டுக்காரங்க வந்து அவங்க சாவியையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள இந்த மூணும் போயிரும்.”

“நீ எடுக்கலையே?” என்று கேட்டார் லீலாக்கா.

“அத வச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்ணப் போறேன்? எங்க பூண்டுத் தோட்டத்துக்கு மருந்து அடிக்கவா?”

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

“நாலு மணிக்குள்ள ஒரு கடுதாசியில கையெழுத்துப் போடணுமாம். நாந்தான் எடுத்தேன்னு. போட்டா பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்டுருவாராம். போடலைன்னா போலீசாம்.”

“போடாத.”

“போடாட்டி போலீசு வரும். போலீசு வந்து விசாரிச்சுட்டுப் போன பொம்பளைக்கு இந்த மலையில எவன் சாவி குடுப்பான்? போட்டாலும் போச்சு, போடாட்டியும் போச்சு. நீங்க கண்டுபிடிச்சாத்தான் உண்டு.”

லீலாக்கா, “கடைசியா அவரோட என்ன பேசின?” என்று கேட்டார்.

“நேத்து வெள்ளிக்கிழமை, தொடைக்கிற நாளு. பதினொன்றரை வரைக்கும் தொடைச்சேன். ஏதோ மனசுல பட்ட சந்தேகத்தக் கேட்டேன். நல்லபடியாத்தான் பேசினாரு. தன் கையால டீ போட்டுக் குடுத்தாரு. நீ வெரசா வீட்டுக்குப் போ, மிச்ச சோலிய நான் பாத்துக்கிறேன்னு அனுப்பி வச்சாரு. அஞ்சு மணிக்குப் போனப் போட்டு விமானத்தக் காணோம், சாவிய எடுத்துட்டு வாங்கிறாரு.”

“இதுக்கு முன்னால எப்பவாச்சும் டீ குடுத்திருக்காரா?”

அன்னக்கொடி யோசித்தாள். “பதினோரு வருசத்துல இதுதாங்கக்கா மொதத் தடவை.”

“சர்க்கரை போட்டிருந்தாரா?” என்று கேட்டேன்.

“ரெண்டு கரண்டி.”

“அப்ப விசயம் பெருசுதான்” என்றேன். வழக்கமாக இப்படிச் சொன்னால் லீலாக்கா முறைப்பார். இந்த முறை தலையை ஆட்டினார்.

உள்ளே எங்களை வரவேற்றவர் பங்களாவின் சொந்தக்காரரும் சங்கத் தலைவருமான சந்தோஷ்குமார். அறுபது வயது. பித்தளைப் பொத்தான் வைத்த கருநீலக் கோட்டு. சங்கத்தில் எல்லோரும் அவரைக் கமாண்டர் என்று கூப்பிட்டார்கள். மும்பையில் ஒரு கப்பல் கம்பெனியில், கப்பலுக்கு ஆள் எடுக்கும் பிரிவில் முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்று பிறகு தெரிந்தது. கடலில் அவர் கால் நனைத்திருக்கக்கூடும், அதுவும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு.

“டிடெக்டிவா? ஃபைன். பாருங்க. ஆனா இது ஆல்ரெடி முடிஞ்ச கேஸ்” என்றார்.

ஹாலில் நீளமான மேஜை. அதன்மேல் விமானங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறிய அட்டை. சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டி. கோயம்புத்தூரிலிருந்து நடுவர் வருகிறாராம். சங்கத்தில் வருடா வருடம் ஒரே தலைப்புதான். அதைக் கமாண்டர் எங்களுக்கு விளக்கினார்.

“சோழ அரசு அழியாம இருந்திருந்தா, 1943-ல அவங்களுக்கு ஒரு மாடர்ன் நேவி இருந்திருக்கும். நேவி இருந்தா விமானம் தாங்கிக் கப்பல் இருந்திருக்கும். அதுல என்ன விமானம், அந்த விமானத்துக்கு என்ன நிறம்? அதுதான் எங்க ஃபீல்டு.”

“இருந்திருந்தா” என்றார் லீலாக்கா.

“எக்ஸாக்ட்லி.”

“ஆனா இல்ல.”

“அது ஒரு டீடெய்ல்” என்றார் கமாண்டர்.

சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை தொங்கியது. ‘நிற ஆணைகள்’ என்று தலைப்பு. ஒன்று முதல் ஒன்பது வரை ஆணைகள். எந்த மாதம் முதல் எந்த நிறம் பூசலாம், எது கூடாது, பட்டையின் அகலம் எவ்வளவு என்று பொடி எழுத்தில் நிறைந்திருந்தது. இல்லாத அரசு, இல்லாத கடற்படைக்குப் போட்ட ஆணைகள். அத்தனையும் கமாண்டர் சொந்தமாக எழுதியவை. இது போக நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு வரலாற்றுப் புத்தகமும் எழுதியிருக்கிறார். நாட்டில் நடந்த வரலாற்றையே படிக்க ஆள் இல்லை, நடக்காததற்கு நூற்று நாற்பது பக்கம்.

“மேல இருந்து பார்க்கிற எதிரிக்கு விமானம் கடல் மாதிரி தெரியணும். அதனால முதுகுல கடலோட நிறம். கீழ இருந்து பார்க்கிறவனுக்கு வானம் மாதிரி தெரியணும். அதனால வயித்துல வெளிர் நிறம். இதுதான் கேமஃப்ளாஜ். இதுல ஒரு ஷேட் தப்பினா பைலட் செத்தான்.”

“எந்த பைலட்டுங்க?” என்று பணிவாகக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போட்டிக்காக அச்சடித்த கையேட்டை எடுத்து லீலாக்காவிடம் நீட்டினார். அட்டைப் படத்தில் காணாமல் போன விமானம் இருந்தது. பெயர் மீன்கொத்தி. முதுகு முழுக்கக் கரும்பச்சை. பதினாலு மாத உழைப்பு என்றார். அந்தப் பச்சையை எப்படிக் கலந்தார், எத்தனை சொட்டு கறுப்பு விட்டார் என்று மூச்சு விடாமல் சொன்னார். நான் நின்றுகொண்டே கொஞ்சம் தூங்கினேன்.

லீலாக்கா மேஜையில் காலியாக நின்ற தாங்கியைக் காட்டினார். ஒரு மரத்துண்டு, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் குச்சி. “மத்ததுக்கெல்லாம் முன்னால அட்டை இருக்கு. இதுக்கு இல்லையே?”

“அதையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிட்டா.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“ஜெனரல் டீடெய்ல்ஸ்.”

பச்சையைப் பற்றி அரைமணி நேரம் பேசியவர் அட்டையை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். தூக்கத்தில் இருந்த எனக்கே அது உறைத்தது.

அன்னக்கொடி கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. லீலாக்கா வாங்கிச் சத்தமாகப் படித்தார். “‘மேற்படி மாடலை நான்தான் எடுத்தேன். கை தவறி விழுந்து உடைந்துவிட்டபடியால் குப்பையில் போட்டுவிட்டேன். இனி இது தொடர்பாக எவரும் தேட வேண்டியதில்லை.’ நல்ல தமிழ்” என்று சொல்லி மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வராந்தாவில் ஒரு பெண் பெட்டியைத் திறந்து பஞ்சு, கிடுக்கி, பெயின்ட் கரைக்கும் தின்னர் பாட்டில் என்று அடுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் சுசித்ரா, மதுரையில் பல் டாக்டர். கமாண்டருக்கும் அவருக்கும் ஆகாது என்று அன்னக்கொடி முன்பே சொல்லியிருந்தாள்.

“என்னைத்தான் சந்தேகப்படுவீங்கன்னு தெரியும்” என்று அவராகவே ஆரம்பித்தார். “போன வருசம் என் விமானத்தைத் தள்ளுபடி பண்ணினார். இறக்கை நுனியில மஞ்சள் பட்டை போட்டிருந்தேன். அந்த மனுசன் எழுதின ஆணைப்படி பட்டை பங்குனியிலதான் ஆரம்பிக்குதாம். என் விமானம் மாசியில பறந்தது. பதினேழு நாள் வித்தியாசம். அதுக்கு நாப்பது நிமிசம் குச்சி வச்சுக் காட்டிப் பேசினார். வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். என்கிட்ட பல் பிடுங்க வந்த ஒருத்தர் அதைப் பாத்துட்டுச் சிரிச்சார்.”

“வாயத் தெறந்து வச்சுக்கிட்டேவா?” என்றேன்.

“மரத்துப்போற ஊசி போடாம பிடுங்கலாமான்னு யோசிச்சேன்” என்றார் டாக்டர் சுசித்ரா. பெட்டியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். “மீன்கொத்தியை நான் ஏன் திருடப் போறேன்? அதுல ஒரு தப்பாவது கண்டுபிடிக்கணும்னுதான் இதை வாங்கிட்டு வந்தேன். ஒரு வருசம் காத்திருந்தேன். நாலு மணிக்கு எல்லார் முன்னாலயும் கேக்கலாம்னு வந்தா, விமானத்தையே காணோம்.”

“நேத்து எங்க இருந்தீங்க?”

“கிளினிக்ல. ராத்திரி எட்டு வரைக்கும் பேஷன்ட். இன்னிக்குக் காலையிலதான் கார்ல வந்தேன்.”

“இங்க உக்காந்து நிறம் அடிக்கிற பழக்கம் உண்டா?”

“உண்டு, ஆனா வெள்ளனே அடிச்சு முடிச்சிடணும். பதினோரு மணிக்கு மேல பாருங்க” என்று வெளியே கையைக் காட்டினார். மஞ்சு வராந்தாத் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றது. “இந்த ஈரத்துல ஸ்பிரே அடிச்சா, காயும்போது பால் பூத்த மாதிரி வெள்ளையாப் படிஞ்சிடும். துடைச்சாலும் போகாது. பதினொண்ணுக்கு மேல யாரும் பெயின்ட்டைத் தொடக்கூடாதுன்னு சங்க விதியே இருக்கு. அதுவும் கமாண்டர் போட்டதுதான். மலைக்குப் புதுசா வந்தவங்கதான் அந்தத் தப்பைப் பண்ணுவாங்க.”

“இல்லாட்டி வேற நேரமே இல்லாதவங்க” என்றார் லீலாக்கா.

என்னைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார். “செல்வமுருகா, ஒரு பொருள் களவு போச்சுன்னா, பறிகொடுத்தவன் என்ன கேப்பான்?”

“திருப்பிக் குடுன்னு கேப்பான்.”

“இவரு கேக்கலையே. பதினாலு மாசம் பாடுபட்டுச் செஞ்ச பொருள். எங்க வச்ச, எடுத்துட்டு வான்னு ஒரு வார்த்தை இல்ல. ஒடைஞ்சுபோச்சு, குப்பைக்குப் போயிருச்சு, யாரும் தேட வேண்டாம்னு அவரே எழுதி வச்சிருக்காரு. தேட வேண்டாம்னு ஒருத்தன் சொன்னா என்ன அர்த்தம்?”

“தேடுனா கெடைச்சுரும்னு அர்த்தம்.”

“அப்ப தேடுவோம்.”

தேட ரொம்ப தூரம் போகவில்லை. ஹாலின் மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி. பழைய போட்டிகளில் வந்த விமானங்கள் அதில் அடைந்து கிடந்தன. எல்லாமே சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்கும் இந்தச் சாம்பலுக்கும் நாற்பத்தைந்து பெயர் இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் விளக்க வந்தார். எங்கள் வீட்டு விறகடுப்பில் எல்லாம் கிடைக்கும் என்றேன். போய்விட்டார். காலையிலிருந்து சங்கத்து ஆட்கள் அந்த அலமாரியைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்கனவே குறை சொல்லி முடித்துவிட்ட விமானத்தை அவர்கள் மறுபடி பார்ப்பதில்லை.

லீலாக்கா டாக்டரிடம் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி, அலமாரி முன் மணை போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டாவது தட்டில், பின்வரிசையில் கை நின்றது. ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினார்.

“நாலு அடிக்கப் போகுது. அன்னக்கொடியக் கூட்டியா.”

நடுவர் திருமலைச்சாமி வந்துவிட்டிருந்தார். கம்பளிக் குல்லாயும், கக்கத்தில் தடித்த ஃபைலும். பன்னிரண்டு பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். அன்னக்கொடியை நான் உள்ளே கூட்டிவந்ததும் கமாண்டர் பேனாவைத் திறந்து கடிதத்தின்மேல் வைத்தார்.

“சைன் பண்ணிட்டுப் போ அன்னக்கொடி. எனக்கு உன் மேல கோவமே இல்ல” என்றார்.

“அதுக்கு முன்னால ஒரு கணக்குங்க” என்றார் லீலாக்கா. “அன்னக்கொடி, அந்த அலமாரில வாரா வாரம் எத்தனை விமானம் தொடைப்ப?”

“இருபத்தி மூணுங்கக்கா.”

“நடுவர் ஐயா, கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க.”

திருமலைச்சாமி எண்ணினார். மறுபடி எண்ணினார். “இருபத்தி நாலு” என்றார்.

நேற்று சாயங்காலமே அன்னக்கொடியைக் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பாள். அவளைக் கேட்பதற்குப் பதிலாகக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

லீலாக்கா இரண்டாவது தட்டிலிருந்து ஒரு சாம்பல் விமானத்தை எடுத்துவந்தார். மேஜையில் காலியாக நின்ற தாங்கியின் பித்தளைக் குச்சியில் அதை வைத்தார். அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.

“டாக்டரம்மா, அந்தக் கண்ணாடி வச்சு எறக்கைக்கு அடியில பாருங்க.”

டாக்டர் சுசித்ரா குனிந்து பார்த்தார். “பால் பூத்திருக்கு. மஞ்சுல அடிச்ச பெயின்ட்.” கேட்காமலேயே பஞ்சை எடுத்து பாட்டிலில் நனைத்து, சொத்தைப் பல்லைத் துடைப்பதுபோல முதுகில் லேசாகத் துடைத்தார். சாம்பல் கரைந்தது. அடியில் கரும்பச்சை தெரிந்தது.

“மீன்கொத்தி” என்று யாரோ சொன்னார்கள்.

கமாண்டர் வெளுத்துப் போனார். ஆனால் முப்பது வருடம் ஆள் எடுத்தவர் ஆயிற்றே. உடனே ஆளை மாற்றினார். “இது சுசித்ராவோட வேலை. போன வருசத்துக் கோவம். கிளியர் சபோட்டாஜ்.”

“அவங்க நேத்து மதுரையில பல்லுப் பிடுங்கிட்டு இருந்தாங்க” என்றார் லீலாக்கா. “இது நேத்து மதியம் இங்க அடிச்சது. மதியத்துல அடிச்சா பூத்துப் போகும்னு மலைக்காரங்க எல்லாத்துக்கும் தெரியும். விதி போட்ட உங்களுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் அடிச்சிருக்கீங்கன்னா வேற நேரம் இல்ல. இன்னிக்குக் காலையில ஆட்கள் வந்துருவாங்க. நேத்துக் காலையிலயே அடிச்சிருக்கலாமே? நேத்துக் காலையில மீன்கொத்தி மேல உங்களுக்கு ஒரு குறையும் தெரியல. பதினொன்றரைக்குத்தான் தெரிஞ்சுச்சு.”

அன்னக்கொடி பக்கம் திரும்பினார். “நேத்து அவர்ட்ட என்ன சந்தேகம் கேட்ட?”

“அது ஒண்ணுமில்லங்கக்கா.” எல்லோரும் தன்னைப் பார்ப்பதில் அவளுக்குக் கூச்சம். சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். “இத வாரா வாரம் தொடைக்கிறேன், மனப்பாடமே ஆயிருச்சு. ஏழாவது ஆணையில, ஆவணி ஒண்ணாந் தேதியிலருந்து யாரும் பச்சை அடிக்கக்கூடாது, கடல் சாம்பல் மட்டும்தான்னு போட்டிருக்கு. சாரோட அட்டையில அந்தமான் சண்டை, ஐப்பசி மாசம்னு போட்டிருந்துச்சு. ஐப்பசி எங்களுக்குப் பூண்டு ஊன்ற மாசம், அதனால கண்ணுல பட்டுச்சு. ஆவணிக்கு அப்புறம்தான சார் ஐப்பசி வருது, இது எப்படிப் பச்சையாக் கெடக்குன்னு கேட்டேன். நல்ல கேள்விம்மான்னு சொல்லித்தான் டீ குடுத்தாரு.”

லீலாக்கா திருமலைச்சாமி பக்கம் திரும்பினார்.

“நடுவர் ஐயா, இவரோட குறிப்பு உங்களுக்கு முன்னாலயே வந்திருக்குமே?”

திருமலைச்சாமி ஃபைலைப் புரட்டி ஒரு உறையை எடுத்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் வந்த உறை, பிரிக்கவே இல்லை. எல்லோர் முன்னாலும் பிரித்துப் படித்தார். “அந்தமான் போர். 1943, ஐப்பசி.”

“தேதி நடுவர் கையில போயாச்சு. பச்சை நிறம் கையேட்டுல அச்சாயிருச்சு” என்றார் லீலாக்கா. “ரெண்டுல ஒண்ணையும் மாத்த முடியாது. இவரு எழுதின ஆணைய இவரே மறந்துட்டாருன்னு டாக்டரம்மா கண்டுபிடிச்சா, குச்சிய அவங்க எடுத்துக்குவாங்க. அதனால விமானமே இல்லாமப் போகணும், அட்டையும் போகணும். தப்பச் சுட்டிக்காட்டின ஆளையும் அப்புறப்படுத்தணும். கள்ளின்னு பேர் வாங்கினவ நாளைக்கு நிறத்தப் பத்திப் பேசினா யாரு கேப்பா?” கமாண்டரை நேராகப் பார்த்தார். “விமானத்த நெசமாவே உடைச்சுப் போட்டிருக்கலாம், நாங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டோம். பதினாலு மாசத்து உழைப்பு, உங்களுக்கு மனசு வரல. இவளோட பதினோரு வருசத்து நல்ல பேர உடைக்க மனசு வந்துச்சு.”

கமாண்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோட்டின் பித்தளைப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.

இனி இந்தப் பன்னிரண்டு பேரும் அவரைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறார்கள் என்று நான் சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டேன். திருமலைச்சாமி தொண்டையைச் செருமினார்.

“ஒரு நிமிஷம். ஆவணியில ஆணை வந்திருக்கலாம். ஆனா கிடங்குல பழைய பச்சை பெயின்ட் மிச்சம் இருந்திருக்குமே? அது தீர்ற வரைக்கும் அடிச்சிருக்க மாட்டாங்களா?”

“நாகப்பட்டினம் கிடங்கில இருந்திருக்கலாம்” என்றார் இன்னொருவர்.

“சான்ஸே இல்ல” என்றார் டாக்டர் சுசித்ரா, பஞ்சைக் கையில் பிடித்தபடியே. “நாகப்பட்டினத்துல வெறும் கப்பல் பெயின்ட்தான். விமானப் பெயின்ட் எல்லாம் கடாரத்துல.”

கமாண்டர் தலையைத் தூக்கினார். முகத்தில் ரத்தம் திரும்பியது. “எக்ஸாக்ட்லி. புத்தகத்துல எண்பத்தாறாம் பக்கம் பாருங்க, கடாரம் கிடங்கு...”

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் மீன்கொத்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். கட்டப்படாத கிடங்கில், காய்ச்சப்படாத பெயின்ட் எத்தனை டின் மிச்சமிருந்தது என்று குரல் உயர்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில், அவர்கள் கள்ளி என்று சொன்ன பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒருவரும், டாக்டர் சுசித்ரா உட்பட, அவளிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பழனி அடிவாரத்தில் எத்தனையோ விதமான அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்களைப் பார்த்தபோதுதான் எனக்குக் கையை ஓங்க வேண்டும்போல் இருந்தது.

லீலாக்கா கையை ஓங்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, டைப் அடித்த கடிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தைக் கமாண்டர் முன்னால் வைத்தார். பேனா ஏற்கனவே திறந்துதான் இருந்தது.

“விமானம் களவு போகல, நானே நிறம் மாத்தி ஒளிச்சு வச்சேன், அன்னக்கொடி மேல சொன்னது பொய். எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நடுவர் ஐயா சாட்சி. இல்லாட்டி, நீங்க கூப்பிடறதாச் சொன்ன போலீச நானே கூப்பிடறேன்.”

கமாண்டர் எழுதினார். திருமலைச்சாமியும் கையெழுத்துப் போட்டார். கிடங்கு விவாதத்தை விட்டுவிட்டு வர அவருக்கு எரிச்சல்.

தாளை வாங்கி அன்னக்கொடி ஒருமுறை முழுவதும் படித்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் கமாண்டர் கோட்டுப் பையிலிருந்து பங்களாச் சாவியை எடுத்து நீட்டினார்.

“சரி விடு அன்னக்கொடி. ஏதோ டென்ஷன். இந்தா. வர்ற வெள்ளிக்கிழமை எப்பவும்போல வந்துடு. கண்ணாடி எல்லாம் துடைக்கணும்.”

அன்னக்கொடி கையை நீட்டவில்லை. மேஜையில் இருந்த விமானங்களையும், அலமாரியையும், சுவரில் தொங்கிய ஒன்பது ஆணைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“வேண்டாங்க சார். தூசி படியட்டும். என்ன நிறம்னு யாருக்கும் தெரியாமக் கெடக்கும். உங்களுக்கு அதுதான் நல்லது.”

நாங்கள் வெளியே வந்தோம். மஞ்சு இன்னும் விலகவில்லை. அவள் இடுப்பு வளையத்தில் மூன்று சாவிகள் இருந்தன. காலையில் பறிபோன இரண்டைக் கேட்டு வாங்க, அந்தத் தாளோடு முதல் பங்களாவை நோக்கி அவள் வேகமாக முன்னால் நடந்தாள். லீலாக்காவும் நானும் பின்னால் போனோம்.